வீழ்ந்த சிப்பாயும் கலைக்களஞ்சியமும்

போர்க்களத்தில் மாண்ட ஒரு சிப்பாய்க்குக் கலைக்களஞ்சியத்தில் தனிக்கட்டுரை தகுமா, தகாதா? எவரும் எழுதவும் திருத்தவும் கூடிய விக்கிப்பீடியா 2001-ல் ஆங்கிலத்திலும், 2003-ல் தமிழிலும் இணையத்தில் தோன்றியதிலிருந்து இவ்வினா ஓயாது எழுந்து வருகின்றது. அங்கு வழங்கும் விதி யாதெனில், ஒருவன் எத்துணைத் தீரமாக மாண்டான் என்பதன்று. அவனுக்கு உற்றாரல்லாத பிறர் அவனைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டிருக்கின்றனரா என்பதே. கலைக்களஞ்சியம் நினைவு மண்டபமன்று என்பது மற்றொரு விதி. ஆங்கிலப் பதிப்பில் படையினர்க்கெனத் தனி அளவுகோல் ஒன்றும் இருந்தது. நாட்டின் மிகவுயர்ந்த வீரப் பதக்கமோ, தளபதிப் பதவியோ பெற்றவனாயின் தகுதியுண்டெனக் கொள்ளலாம் என்பது அது. 2021-ல் அதைக் கைவிட்டனர். கைவிட்டது நன்றே. பதக்கம் கொடுப்பதும் அரசாங்கம், பதவி கொடுப்பதும் அரசாங்கம். அவ்விரண்டையும் கொண்டு மனிதனை அளப்பது கலைக்களஞ்சியத்தின் வேலையன்று.

இன்றுள்ள விதியை நாம் வெறுக்கவில்லை. ஆதாரமின்றி எழுதுவதைக் காட்டிலும் எழுதாதிருத்தல் மேல். ஆயினும், எழுதப்பட்டிருக்க வேண்டும் என்னும்போது, எழுதியவர் யாவர், யாரைப் பற்றி எழுதினர் என்று கேட்காதிருக்க முடியுமா?

நமது பேராக்கையே எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் ஜப்பானியரை எதிர்த்து நடந்த போரில், 8-வது பஞ்சாப் ரெஜிமெண்டின் முதற் பட்டாளத்துச் சீக்கியர், துப்பாக்கி முனையிற் கத்தி செருகி, இழந்த அகழிகளை மீட்கப் பாய்ந்தனர். முன்னின்று நடத்திய காப்டன் ஜான் கிரகாம் படுகாயமுற்று மாண்டார். அவர் பெயர் மலாயாப் போரைப் பற்றிய ஆங்கில நூல்களிலே உண்டு, இருக்க வேண்டியதே. உடன் பாய்ந்து மாண்டவர்களோ அந்நூல்களிற் பெரும்பாலும் ‘சீக்கியர்’ என்ற ஒரே சொல்லாய் முடிந்துவிடுகின்றனர். ஆங்கிலப் பள்ளியில் இந்நூல்களைப் படித்து வளர்ந்த நமக்கு அச்சொல் ஒரு காலத்தில் உறுத்தவேயில்லை.

தைப்பிங் போர்க் கல்லறைக்குச் சென்றோர் அறிவர். 850-க்கு மேற்பட்ட கல்லறைகளில் 500-க்கு மேற்பட்டவை இன்னாருடையவை என்று தெரியாதவை. நடுவே சாலை ஓடுகின்றது. ஒரு புறம் கிறிஸ்தவர், மறுபுறம் மற்ற மதத்தினர். செத்த பின்னும் வரிசை பிரித்து வைப்பதில் மனிதனுக்கு இருக்கும் கவலைதான் என்னே! எனினும் பெயர்களே இல்லையென்று சொல்லிவிடலாகாது. சிங்கப்பூர்க் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவரில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெயரேடுகளில் பல இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும்கூட உண்டு. பெயர் இருக்கின்றது, அப்பெயரைப் பிடித்துக்கொண்டு போய் எழுதுவார்தாம் இல்லை.

ஆங்கில அரசாங்கத்துக்காக மாண்டவர் நிலை இதுவென்றால், அதனை எதிர்த்து மாண்டவர் நிலையும் இதுவே. பினாங்கில் பயிற்சி பெற்று இந்தியாவுக்கு இரகசியமாக அனுப்பப்பட்டவர்களுள் வக்கம் அப்துல் காதர், ஆனந்தன், பர்தன், பவுஜா சிங் என்னும் நால்வரும் 1943 செப்டம்பர் 10-ல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஒரே குற்றச்சாட்டு, ஒரே நாள். காதர் தம் தந்தைக்கு எழுதிய கடைசிக் கடிதம் மிஞ்சியது. ஊரார் நினைவைக் காத்தனர். 1998-ல் தபால் தலையும் வந்தது. மற்ற மூவரையோ பலர் ஒரே வரியிற் சொல்லி அப்பாற் செல்கின்றனர். இவர்களுள் காதருக்கு மட்டும் தனிக்கட்டுரை தகும் என்று விதி கூறுமாயின், அது வீரத்தை அளந்ததன்று. எஞ்சிய காகிதத்தை அளந்தது.

இதற்காக விதியை உடைக்கச் சொல்வோரும் நம்மவருள் உளர். அவர்கள் எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் ‘மாவீரன்’, ‘சிங்கம்’, ‘தியாகச் சுடர்’ என்று அடைமொழி அடுக்கடுக்காய் வரும். எந்தப் பட்டாளம், எந்த ஊர், எந்த நாள் என்று தேடினால் ஒன்றும் இராது. இத்தகைய கட்டுரையை ஆசிரியர்கள் நீக்கிவிட்டால் தமிழனுக்குத் துரோகம் என்று கூச்சல்! தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த நடுகல்லை இவர்கள் பார்க்க வேண்டும். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தியது. தீயன் அந்தவன் என்ற பெயர், கூடல் என்ற ஊர், ஆகோள் என்ற நிகழ்ச்சி, அவ்வளவே. புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை. அதனாலேதான் அவனை இன்று நாம் அறிகின்றோம்.

தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு இது புதிதன்று. பெரட்டில் வந்து நின்றவன் எவ்வளவு நல்லவனாயினும், செக்ரோலில் பெயர் ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அவனைப் புகழ்ந்து பேசுவதால் கூலி வந்துவிடாது. பெயரை ஏற்ற வேண்டும்.

ஆகவே செய்யத்தக்கது, கலைக்களஞ்சியத்தாரோடு மல்லுக்கு நிற்பதன்று. கிராஞ்சிப் பெயரேட்டையும், பட்டாளத்துக் குறிப்புகளையும், பழைய பத்திரிகைகளையும் ஒப்பிட்டு, கம்பாரில் வீழ்ந்தோரைப் பற்றித் தமிழில் ஒரு சிறு நூலேனும் முதலில் அச்சேற வேண்டும். கிரகாமுடன் பாய்ந்த சிப்பாய் ஒருவனுக்கு அதில் நான்கு பக்கத்துக்குரிய செய்தி தேறுமாயின் அவனுக்குத் தனிக்கட்டுரை கேட்போம். தேறாதாயின், கம்பார்ப் போரைப் பற்றிய கட்டுரையில் அவன் பெயரும் ஊரும் ஒரு வரியாய் நிற்கக் கேட்போம்.