பதினாறாம் எண்

ஐஸ் ஹாக்கி என்னும் ஆட்டத்தை நேரில் கண்டவர் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ அநேகமாக எவரும் இருக்கமாட்டார். ஆயினும் அந்தப் பனித்தரையில் பிறந்த ஒரு சம்பிரதாயம் நம் ஹாக்கிக்கும் வந்து சேர்ந்துவிட்டபடியால், அதன் நியாயத்தை விசாரித்துப் பார்க்கும் உரிமை துறைமுகத்து வாசியான எனக்கும் உண்டென்று கருதுகிறேன். சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் விடைபெறும்போது, அவர் முதுகில் தாங்கிய எண்ணை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று அணி தீர்மானித்து, அந்த எண்ணுக்கும் ஓய்வு கொடுத்துவிடுவதே அந்தச் சம்பிரதாயம்.

அது தொடங்கியது துக்கத்தில். 1933 டிசம்பர் 12-ஆம் தேதி பாஸ்டன் நகரில் நடந்த ஆட்டத்தில், எதிரணியின் எட்டி ஷோர் பின்னாலிருந்து மோதியதால், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஏஸ் பெய்லி பனியில் தலை அடிபட விழுந்தார். மண்டை உடைந்து, பிழைப்பாரா என்ற நிலையிலிருந்து அவர் மீண்டு வந்தாரெனினும், அதன்பின் களத்தில் இறங்கவேயில்லை. அவருக்கு நிதி திரட்டுவதற்காக 1934 பிப்ரவரி 14-இல் டொராண்டோவில் நடந்த ஆட்டத்தின்போதுதான் அவருடைய 6-ஆம் எண்ணுக்கு ஓய்வு அறிவிக்கப்பட்டது. அகாலத்தில் காலியான இடத்தைக் காலியாகவே வைத்திருப்பது என்ற அந்த எண்ணத்தில் பொய்யில்லை. பிற்பாடு அது வெற்றிக்குச் சூட்டும் மகுடமாக மாறியது: மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி மட்டும் 15 எண்களை ஒதுக்கிவிட்டது, வேய்ன் கிரெட்ஸ்கியின் 99-ஐ ஓர் அணி மாத்திரமன்றி லீக் முழுவதுமே விலக்கி வைத்தது.

நம் தேசத்தில் ஹாக்கி இந்தியா 2024 ஆகஸ்டில் கோல் காவலர் பி.ஆர். ஸ்ரீஜேஷின் 16-ஆம் எண்ணுக்கு இந்த மரியாதையைச் செய்தது. இரண்டு மாதங்கள் கழித்து மகளிர் அணியின் ராணி ராம்பாலின் 28-ஆம் எண்ணுக்கும் செய்தது. ஸ்ரீஜேஷ் விஷயத்தில் எனக்கு மனப்பூர்வமான சம்மதம் ஒன்று உண்டு. கோல் அடிப்பவன் முகம் பத்திரிகையில் வரும். கோல் காப்பவனோ தலைக்கவசத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, பந்து உள்ளே போனால் மட்டும் பேசப்படுகிறவன். மைதானத்தின் மறுகோடியிலிருந்து பார்க்கும் ரசிகனுக்கு அவன் முகமே அந்த எண்தான். பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில், பிரிட்டனுக்கு எதிராக இந்தியா நாற்பது நிமிடங்களுக்கும் மேலாகப் பத்தே பேருடன் ஆடிச் சமாளித்து, கடைசியில் ஷூட்-அவுட்டில் வென்றதே, அந்தப் பிற்பகல் முழுவதும் நம் கண் தேடியது 16 என்ற இரண்டு இலக்கங்களைத்தான். எழும்பூரிலும் அவற்றைக் கண்டிருக்கிறோம்: 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையின் அரையிறுதியில் அவர் தம் 300-ஆவது சர்வதேச ஆட்டத்தை ஆடியது மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில்தான். புகழில் பின்வரிசைக்காரனான காவலனை இந்தக் கௌரவம் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் ஆட்சேபம் தீரவில்லை. முதலாவது, இதற்கு அளவுகோல் கிடையாது. 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய நம் வாசுதேவன் பாஸ்கரனும், நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடிய தன்ராஜ் பிள்ளையும் அணிந்த எண்கள் எவை என்று இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? யாருடைய காலத்தில் தொலைக்காட்சியும் விளம்பரமும் பெருகியிருந்தனவோ, அவர்களுடைய எண்ணே புனிதமாகிறது.

இரண்டாவது, புனிதமான எண்ணால் இளையவனே அடிபடுகிறான். 2017 ஆகஸ்ட் 31-ஆம் தேதி கொழும்பில், தம் முதல் சர்வதேச ஒருநாள் கிரிக்கெட் ஆட்டத்தில் சச்சினின் 10-ஐ அணிந்து இறங்கிய ஷர்துல் தாக்குர் மீது விழுந்த வசவு எத்தனை! ஒரு வாலிபன் தேசத்துக்கு ஆடிய முதல் நாள், அவன் வீசிய பந்தை விட்டுவிட்டு அவன் சட்டையைப் பேசினார்கள். அவர் எண்ணை 54-ஆக மாற்றிக்கொண்டார். 10 ஓய்வுக்குப் போயிற்று. 7-உம் தோனிக்குப் பின் அதே வழியில் போயிற்று.

இந்த இடத்தில் எங்கள் தெருவைச் சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை. துறைமுக மதிலுக்கு இப்பாலிருந்த எங்கள் கால்பந்து அணிக்கு இருந்தவை பதினோரு சட்டைகள். அவை ஒரே சாக்குப்பையில், ஒரே வீட்டில் கிடக்கும். பத்தாம் நம்பர் அண்ணன் கப்பல் வேலைக்குப் போன வாரம், அந்தச் சட்டை அவருக்கு அடுத்த பையனுக்கு வந்தது. தொளதொளவென்று முழங்கால்வரை தொங்கிய அதை அணிந்து அவன் ஓடிய ஓட்டத்தை நான் மறக்கவில்லை. அண்ணனை அவமதித்ததாக எவரும் நினைக்கவில்லை. பாட்டன் பெயரைத் தாங்குவதனாலேயே பிள்ளையின் பிள்ளை பெயரன் ஆனான், பேரன் ஆனான் என்பது நம் மொழியே சொல்லும் சங்கதி. பாட்டன் பெயரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய குடும்பம் நம்மில் ஏது?

ஹாக்கி இந்தியாவும் இதைப் பாதி உணர்ந்திருப்பதாகவே தோன்றுகிறது. சீனியர் அணியில் மாத்திரம் 16-க்கு ஓய்வு, ஜூனியர் அணியில் அது புழக்கத்தில் இருக்கும் என்றும், அங்கே இன்னொரு ஸ்ரீஜேஷை அவரே பயிற்சியாளராக உருவாக்குவார் என்றும் அது அறிவித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் அவ்வாறு உருவாகிற பையன், தன் குருவின் எண்ணை அணிந்து தேர்ச்சி பெற்று, சீனியர் அணிக்குள் கால் வைக்கும் அன்றைக்கே அதைக் கழற்றிவைக்க வேண்டியவனாகிறானே!

இதற்கு வழி பெய்லியிடமே இருக்கிறது. 1968-இல், முப்பத்துநான்கு வருஷங்களாக எவரும் தொடாத 6-ஆம் எண்ணை, ரான் எல்லிஸ் என்ற இளைஞரின் ஆட்டத்தைக் கண்டு மகிழ்ந்து, அவர் அணியவேண்டுமென்று பெய்லியே கேட்டுக்கொண்டார், எல்லிஸ் அணிந்தார். எண்ணை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஸ்தாபனத்துக்கு இருக்கட்டும். அதைத் திறந்து இன்னொருவருக்குத் தரும் உரிமை அதை அணிந்தவருக்கு இருக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். 2025-இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளராக எல்லைக்கோட்டருகே நின்றவர் ஸ்ரீஜேஷ்தான். அவர் கண் முன்னே வளர்ந்த காவலர்களில் ஒருவனுக்கு, அவன் சீனியர் அணிக்குப் போகும் நாளில், அந்த 16-ஐ அவர் தம் கையாலேயே எடுத்துக் கொடுக்க ஹாக்கி இந்தியா இடம் தரட்டும்.