எதிர்பாராத விடையை ஏற்றவர்: சார்லஸ் வெஸ்டின் எம்.ஐ.டி. ஆண்டுகள்

1990-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) தன் தலைவராக முதலில் தேர்ந்தெடுத்தது பிலிப் ஷார்ப் என்ற மூலக்கூறு உயிரியலாளரை. ஒப்புக்கொண்ட சில நாட்களிலேயே, ஆய்வகத்தை விட்டுவர மனமில்லை என்று அவர் பின்வாங்கிவிட்டார். 1993-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, விலகியதில் நஷ்டமொன்றுமில்லை. அவர் வேண்டாமென்ற நாற்காலிக்கு மிச்சிகனிலிருந்து வந்தவர்தான் சார்லஸ் வெஸ்ட். எம்.ஐ.டி.யில் படித்தவரல்ல, அங்கே பாடம் நடத்தியவருமல்ல. ஆனாலும் 2004 வரை பதினான்கு ஆண்டுகள் அதை நடத்தினார்.

அமெரிக்காவில் பல்கலைக்கழகத் தலைவர் என்பவர் ஏறக்குறைய நம்மூர்த் துணைவேந்தர். நிதி திரட்டுவதும் அவர் தலையில்தான் விழும். பொறியாளர்கள் பலர் பேராசிரியர், டீன், புரோவோஸ்ட் என்று படியேறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வெப்பப் பரிமாற்றத்தில் பெயர்பெற்ற சாங்-லின் தியென் 1990 முதல் 1997 வரை பெர்க்லியை நடத்தினார். மிப்ஸ் சில்லு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ஹென்னசி 2000-லிருந்து 2016 வரை ஸ்டான்ஃபோர்டின் தலைவர். அவர் காலத்தில் ஒரே திட்டத்தில் 620 கோடி டாலர் திரண்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-ல் பட்டம் பெற்ற சுப்ரா சுரேஷ் கார்னகி மெலனுக்கும், பிறகு சிங்கப்பூரின் நன்யாங்கிற்கும் தலைவரானார். இவர்களில் பணக்கணக்கில் ஹென்னசியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பொறியாளரின் மனப்பழக்கம் அந்தப் பதவியில் என்ன செய்யும் என்று பார்க்க வெஸ்டே தோதானவர்.

1941-ல் மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர். வெஸ்ட் படித்தது இயந்திரப் பொறியியல், ஆராய்ந்தது ஹோலோகிராம் குறுக்கீட்டு அளவியல். ஒரு பொருளை லேசர் ஒளியில் ஒருமுறை பதிவுசெய்து, சற்றே அழுத்தியோ சூடாக்கியோ மறுமுறை பதிவுசெய்தால், அதன்மேல் கறுப்பு வெள்ளை வரிகள் எழும். ஒளியின் அலைநீளத்தில் பாதியளவு நகர்ந்திருந்தாலும் வரிகள் காட்டிக்கொடுத்துவிடும். 1979-ல் இதைப் பற்றி அவர் எழுதியது அந்தத் துறையின் பாடநூல்.

எம்.ஐ.டி.யில் அவர் காலத்தின் பெரிய அளவீட்டை எடுத்தவர் அவரல்ல. நான்சி ஹாப்கின்ஸ் என்ற உயிரியலாளர் தன் ஸீப்ரா மீன் தொட்டிகளுக்குக் கூடுதல் இடம் கேட்டுக் கிடைக்காமல், இரவில் அளவு நாடாவோடு கிளம்பி ஆண் பேராசிரியர்களின் ஆய்வகங்களையும் பெண்களுடையதையும் அளந்தார். 1994-ல் அறிவியல் புலத்தில் நிரந்தரப் பதவியில் இருந்த பெண்கள் வெறும் 15 பேர். ஆண்கள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. இடம், சம்பளம், பொறுப்புகள் எல்லாவற்றிலும் பெண்களுக்குக் குறைவு என்று ஒரு குழு ஆராய்ந்து கண்டது. இப்படிப்பட்ட அறிக்கையை அலமாரியில் பூட்டிவைப்பது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கைவந்த கலை. 1999-ல் வெஸ்ட் அதை வெளியிட விட்டதோடு, பாகுபாட்டில் பாதி உண்மை, பாதி பிரமை என்றுதான் அதுவரை நம்பியிருந்ததாகவும், உண்மையின் பங்கே மிகப் பெரிது என்று இப்போது புரிவதாகவும் முன்குறிப்பில் தானே எழுதினார். வழக்கறிஞர்கள் சும்மா இருக்கச் சொல்லும் இடம் அது.

பிடிவாதமும் இருந்தது. மாணவர் உதவித்தொகையைப் பல்கலைக்கழகங்கள் ஒன்றாகக் கூடித் தீர்மானிப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 1991-ல் நீதித்துறை அமைச்சகம் வழக்குப் போட்டபோது, ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் சமரசத்தில் கையெழுத்திட்டு ஒதுங்கின. எம்.ஐ.டி. மட்டும் வழக்காடியது, கீழ் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டில் மூச்சுவிட இடம் பெற்று, 1993 இறுதியில் சாதகமான உடன்பாட்டுக்கு வந்தது.

சறுக்கிய இடம் மாணவர் விடுதி. 1997-ல் மாணவர் சங்க விடுதி ஒன்றில் அளவுமீறிக் குடித்து முதலாண்டு மாணவர் ஒருவர் இறந்தார். புதிதாகச் சேர்பவர்கள் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்று மறு ஆண்டே வெஸ்ட் அறிவித்தார். நடைமுறைக்கு வர 2002 ஆகிவிட்டது. ஆபத்து முன்பே தெரிந்திருந்த விஷயத்தில் இந்தத் தாமதத்துக்குச் சமாதானம் சொல்வது கடினம்.

அவர் பெயரோடு அதிகம் பேசப்படும் ஓப்பன்கோர்ஸ்வேர், அதாவது எம்.ஐ.டி. பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் திட்டம், அவருடைய யோசனையே அல்ல. இணையவழிக் கல்வியை எப்படி நடத்துவது, அதில் காசு வருமா என்று ஆராயப்போன பேராசிரியர் குழு, பாடங்களைச் சும்மாவே கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தது. டாட்காம் நிறுவனங்கள் கல்வியில் பணம் தேடிக்கொண்டிருந்த நேரம். வெஸ்ட் சரி என்றார். மெலன், ஹியூலெட் அறக்கட்டளைகளிடம் பணமும் பெற்றார். 2001 ஏப்ரலில் அறிவிப்பு. 2002-ல் முதல் 50 பாடங்கள். 2007-க்குள் சுமார் 1,800. பாடக்குறிப்பும் வினாத்தாளும் கிடைக்கும், பட்டம் கிடைக்காது. ஆசிரியரும் மாணவரும் நேரில் முட்டி மோதிப் படிப்பதுதான் எம்.ஐ.டி. கல்வி, அதை இணையத்தில் ஏற்ற முடியாது என்பதை வெஸ்ட் தொடக்கத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.