ஒரு போர்ட், பல நெட்வொர்க்: எப்படி ரசிப்பது?

சேலத்திலோ நாமக்கல்லிலோ கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஃபைபர் லைன் உங்கள் வீட்டில் இருந்தால், ரசிக்க வேண்டிய பொருள் ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது. டிவிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டிதான் அது. அதன் பெயர் ஓஎன்டி. லைன் போட வருகிறவர்கள் ‘மோடம்’ என்றே சொல்வார்கள். அதற்குள் நுழைவது முடி அளவுக்கு மெல்லிய ஒரே ஒரு கண்ணாடி இழை. மறுபக்கம் வெளியே வருவதோ மூன்று: டிவிக்கு ஒரு வயர், இன்டர்நெட்டுக்கு ஒன்று, லேண்ட்லைன் போனுக்கு ஒன்று.

“மூணுக்கும் தனித்தனி ஃபைபர் இல்லைங்களா?” என்று லைன்காரரிடம் கேட்டுப் பாருங்கள். “ஒண்ணுதானுங்க, உள்ளார பிரிஞ்சுக்கும்” என்பார். அப்படிப் பிரிவதைத்தான் பார்க்கப் பழக வேண்டும். பழகிவிட்டால், எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும் விஎம் (மென்பொருளாலான மெய்நிகர் எந்திரம்) ஒன்று ஒற்றைப் போர்ட் வழியாகப் பத்து நெட்வொர்க்குகளோடு பேசும் வித்தையையும் அதே கண்ணால் பார்க்கலாம்.

டிவி பிரிவது எளிது. அது வேறு நிறத்து ஒளி. ஜிபான் முறை ஃபைபரில் இன்டர்நெட் நம் வீட்டுக்கு 1490 நானோமீட்டர் ஒளியில் வருகிறது, வீட்டிலிருந்து 1310-இல் திரும்பிப் போகிறது. கேபிள் டிவியையும் அதே இழையில் ஏற்றுகிற ஊர்களில் அதற்கு 1550. மூன்றுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. (தெரியாது என்பதற்காக இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள், விழித்திரைக்கு ஆபத்து.) ஆனால் போனும் இன்டர்நெட்டும் வருவது ஒரே 1490-இல்தான். ஒரே ஒளி, ஒரே இழை. அப்படியும் போன் பேச்சு கணினிக்குப் போவதில்லை, யூடியூப் போன் ரிசீவருக்குள் நுழைவதில்லை. இங்கே பிரிப்பது ஒளி அல்ல, எண்.

நாமக்கல் வாசகருக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பார்ட் லோடு ஏற்றும் லாரியைப் பார்த்திருப்பீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஐந்து பார்ட்டிகளின் மூட்டைகள் ஒரே வண்டியில் ஏறும். ஒவ்வொரு மூட்டையிலும் மையால் ஒரு மார்க். டிரைவருக்கு எந்த மூட்டை யாருடையது என்று தெரிய வேண்டியதில்லை. இறக்கும் குடோனில் மார்க்கைப் பார்த்துப் பிரித்துவிடுவார்கள். சரக்கை வாங்குகிறவருக்கு வேண்டியது சரக்குதான், சாக்கின் மேல் என்ன எழுதியிருந்தது என்பதல்ல. ஒரே கேபிளில் பல நெட்வொர்க்குகள் போவதும் இப்படித்தான். ஆகவே முதல் பாடம்: வழியைப் பார்க்காதீர்கள், இரண்டு முனைகளையும் பாருங்கள். மார்க் எங்கே போடப்படுகிறது, எங்கே அழிக்கப்படுகிறது என்பதில்தான் ருசி இருக்கிறது.

இனி அந்த மார்க்கைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒரே கேபிளில் இப்படி எண்ணால் பிரிந்து ஓடும் நெட்வொர்க்குக்கு விலேன் என்று பெயர். மார்க்கின் பெயர் விலேன் டேக், நீளம் வெறும் நான்கு பைட். முதல் இரண்டு பைட்டில் 8100 என்ற எண் (பதினாறடிமானத்தில்) உட்கார்ந்திருக்கும். ‘இதோ டேக் வருகிறது’ என்ற அறிவிப்பு அது. அடுத்த மூன்று பிட் முன்னுரிமைக்கு. போன் பேச்சு திக்கித் திணறாமல் வருவதற்கு இந்த மூன்று பிட்டுக்கும் கொஞ்சம் நன்றி சொல்லலாம். ஒரு பிட், நெரிசல் வந்தால் இதைத் தூக்கிப் போடலாமா என்பதற்கு. மீதிப் பன்னிரண்டு பிட்டில் நெட்வொர்க்கின் எண். பன்னிரண்டு பிட்டில் 4096 எண்கள் அடங்கும். 0-உம் 4095-உம் ஒதுக்கப்பட்டவை என்பதால் நமக்குக் கிடைப்பவை 4094.

டேக் எங்கே செருகப்படுகிறது என்பதை நான் ரொம்ப நேரம் ரசிப்பேன். ஈதர்நெட் பாக்கெட்டின் தொடக்கத்தில் பெறுபவர் முகவரி, அடுத்து அனுப்புபவர் முகவரி. இவை இரண்டுக்கும் பிறகு, உள்ளே என்ன சரக்கு என்று சொல்லும் பகுதிக்கு முன்பு, அந்த இடுக்கில் நான்கு பைட். முகவரிகள் இடம் மாறவில்லை. டேக் என்றால் என்னவென்றே தெரியாத பழைய ஸ்விட்ச்கூட முகவரியைப் படித்து அனுப்பிவிட முடியும். இதன் அருமை தெரிய சிஸ்கோவின் பழைய ஐஎஸ்எல் முறையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது பாக்கெட் முழுவதையும் புதிதாகச் சுற்றிக் கட்டியது, முன்னால் 26 பைட், பின்னால் 4 பைட். இன்னொரு கம்பெனியின் ஸ்விட்சுக்கு அது புரியாத பொட்டலம். 1980-களில் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் டேவிட் சின்கோஸ்கி போன்றோர் ஈதர்நெட்டைப் பெரிதாக்கும் வழியைத் தேடியபோது முளைத்த யோசனை, 1998-இல் 802.1கியூ என்ற பொதுத் தரமாக வந்தபின் ஐஎஸ்எல் மெல்ல ஓரங்கட்டப்பட்டது. கெட்டிக்காரத்தனம் அதிகமான வடிவமைப்பு தோற்று, அடக்கமான வடிவமைப்பு ஜெயித்த அபூர்வமான சம்பவங்களில் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

இப்போது விஎம்முக்கு வருவோம். விஎம்முக்குக் கம்பியும் இல்லை, துளையும் இல்லை. அதன் நெட்வொர்க் கார்டே மென்பொருள்தான். அப்படியிருக்கப் பத்து நெட்வொர்க் வேண்டுமென்றால் பத்து கார்டு கொடுத்துவிட்டால் என்ன? கொடுக்கலாம். ஆனால் போலிக் கார்டுக்கும் போலிப் பலகையில் ஸ்லாட் வேண்டும், அதற்கு அளவு உண்டு. புது நெட்வொர்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டைச் செருக வேண்டும், உள்ளே இருக்கும் லினக்ஸ் அதைக் கவனித்துப் பெயர் வைக்க வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் மேகங்களிலோ (கிளவுட்) கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். அமேசானின் சி5 லார்ஜ் ரகத்தில் சாதாரணமாக மூன்று நெட்வொர்க் கார்டுகள்தான். ஒன்று எந்திரத்துக்கே போய்விடும், ஆகவே தனி முகவரி கேட்கும் கன்டெய்னர் வேலைகள் இரண்டுக்கு மேல் ஓடாது. 2019-இல் அந்நிறுவனம், ஒரே கார்டில் டேக் போட்டுப் பல நெட்வொர்க்குகளை ஏற்றும் ட்ரங்க் முறையைக் கொண்டுவந்த பிறகு அதே எந்திரத்தில் பத்து ஓடின.

ஓபன்ஸ்டாக்கின் கதை இன்னும் சுவை. நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து 2010-இல் தொடங்கிய திறந்த மூல மேக மென்பொருள் அது. நெட்வொர்க்கைக் கவனிக்கும் பகுதிக்கு நியூட்ரான் என்று பெயர். செல்போன் கம்பெனிகள் ரவுட்டர், ஃபயர்வால் எல்லாவற்றையும் பெட்டிகளிலிருந்து எடுத்து விஎம்களாக்க ஆரம்பித்தபோது, ஒரே விஎம் எக்கச்சக்கமான நெட்வொர்க்குகளைத் தொட வேண்டிய தேவை வந்தது. 2016 அக்டோபரில் வெளியான நியூட்டன் பதிப்பில் நியூட்ரானுக்கு ட்ரங்க் போர்ட் கிடைத்தது.

பார்த்து ரசிக்க ஒரு லேப் கம்ப்யூட்டர் போதும். திருச்செங்கோடு, ராசிபுரம், சேலம் பக்கம் இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றின் லேப்களில் 16 ஜிபி ராம் உள்ள எந்திரம் ஒன்றாவது இருக்கும். ஓபன்ஸ்டாக்கை ஒரே எந்திரத்தில் சோதித்துப் பார்க்க உதவும் டெவ்ஸ்டாக்கை அதில் ஏற்றி, ட்ரங்க் சேவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று நெட்வொர்க் உருவாக்குங்கள். மாணவர், ஆசிரியர், தேர்வு என்று பெயர் வைத்துக்கொண்டால் மனதில் நிற்கும். முதல் நெட்வொர்க்கில் ஒரு போர்ட் எடுத்து அதைப் பேரன்ட் போர்ட்டாக வைத்து ட்ரங்க் செய்யுங்கள். மற்ற இரண்டிலும், பேரன்ட் போர்ட்டின் மேக் முகவரியையே கொடுத்து (ஏன் என்பது பின்னால்), ஒவ்வொரு போர்ட் எடுத்து 101, 102 என்ற எண்களோடு சப்-போர்ட்டுகளாக (கிளைப் போர்ட்டுகளாக) அதில் சேருங்கள். பிறகுதான் விஎம்மை எழுப்ப வேண்டும். விஎம் எழுந்தபின் சாதாரணப் போர்ட்டை ட்ரங்காக மாற்றப் பார்த்தால் பல அமைப்புகளில் நடக்காது. விஎம்முக்குள் போய், அதன் நெட்வொர்க் கார்டான ஈத்0-க்கு மேல் ஈத்0.101, ஈத்0.102 என்று இரண்டு இடைமுகங்களைத் திறந்து முகவரி கொடுத்தால் ஆயிற்று.

அடுத்தது இந்தக் கச்சேரியின் உச்சம். டிசிபிடம்ப் என்ற ஒட்டுக்கேட்கும் கருவியை, பாக்கெட்டின் தலைப்பையும் காட்டச் சொல்லி, விஎம்மின் டாப் இடைமுகத்தில் (சர்வர் பக்கம் இருக்கும் அதன் முனை) ஓட விடுங்கள். உள்ளிருந்து ஆசிரியர் நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு விஎம்மை பிங் செய்யுங்கள். ‘விலேன் 101’ என்று தெரியும். அதே கருவியை அந்த இன்னொரு விஎம்மின் டாப்பில் ஓட்டுங்கள். டேக் இருக்காது. அதைப் பொறுத்தவரை பக்கத்தில் யாரோ சாதாரணமாகப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

நடுவில் அந்த 101 என்ன ஆயிற்று? அது ஆசிரியர் நெட்வொர்க்கின் எண்ணே அல்ல. விஎம்முக்கும் அதன் வாசலில் நிற்கும் நியூட்ரானுக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். பக்கத்து ட்ரங்கில் அதே 101 வேறு நெட்வொர்க்கைக் குறிக்கலாம், குழப்பமே வராது. ஓபன் விஸ்விட்ச் என்ற மென்பொருள் ஸ்விட்ச் முறையில் ஒவ்வொரு ட்ரங்குக்கும் ஒரு குட்டி பிரிட்ஜ் பிறக்கிறது. அங்கே 101 கழற்றப்படும். விஎம் ஓடும் சர்வருக்குள் மட்டும் செல்லுபடியாகும் வேறொரு எண் மாட்டப்படும். வேறு சர்வருக்குப் போக வேண்டுமென்றால் அதுவும் கழன்று விஎக்ஸ்லேன் எண் ஏறும். 2014-இல் ஆவணமான விஎக்ஸ்லேனின் எண்ணுக்கு 24 பிட், அதாவது 1,67,77,216 நெட்வொர்க்குகள். ஒரே பயணத்தில் மூன்று மார்க்குகள், ஒவ்வொன்றும் அடுத்த வீட்டுக்காரருக்கு மட்டும் புரிந்தால் போதும். முழு வழிக்கும் ஒரே எண் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் மேகம் முழுவதும் 4094-லேயே முட்டி நின்றிருக்கும்.

ரசிகர் என்றால் பிசிறும் காதில் விழ வேண்டும். மூன்று பிசிறுகளைச் சொல்கிறேன். நாம் எதுவும் சொல்லாவிட்டால் நியூட்ரான் ஒவ்வொரு சப்-போர்ட்டுக்கும் புது மேக் முகவரி தரும். லினக்ஸின் ஈத்0.101 தன் தாய் ஈத்0-இன் முகவரியையே எடுத்துக்கொள்ளும். இரண்டும் பொருந்தாததால் நியூட்ரானின் காவல், ஆள்மாறாட்டம் என்று எண்ணி எல்லாவற்றையும் தடுத்துவிடும். எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் பிங் போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். சப்-போர்ட்டைத் தாயின் முகவரியோடே உருவாக்கினால் தீர்ந்தது.

இரண்டாவது, பாக்கெட்டின் அளவு. விஎக்ஸ்லேன் 50 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 அளவு 1450 ஆகிவிடும். உள்ளே யாராவது 1500 என்றே நம்பிக்கொண்டிருந்தால் பிங் அழகாகப் போகும், வலைப்பக்கம் மட்டும் பாதியில் நின்று சுற்றும். சின்னது போய்ப் பெரியது போகாவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுவே.

மூன்றாவதில் கொஞ்சம் வில்லத்தனம் உண்டு. பேரன்ட் போர்ட்டின் நெட்வொர்க் டேக் இல்லாமலே போகும். நிஜ ஸ்விட்ச்களிலும் இப்படி டேக் இல்லாமல் போகும் ஒரு விலேன் இருக்கும். அதில் இருப்பவர் பாக்கெட்டுக்கு இரண்டு டேக் போட்டு அனுப்பினால், முதல் ஸ்விட்ச் மேல் டேக்கை மட்டும் உரித்துவிட்டு, அடி டேக்கோடு அடுத்த ஸ்விட்சுக்குத் தள்ளிவிடும். பாக்கெட் போகக் கூடாத நெட்வொர்க்கில் போய் இறங்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் டேக் இல்லாத விலேனில் ஒரு கம்ப்யூட்டரைக்கூட வைப்பதில்லை. இதே இரட்டை டேக்கை ஒழுங்காகப் பயன்படுத்தினால் அது 802.1ஏடி என்ற தரம். ஒரு வாடிக்கையாளரின் விலேன்கள் முழுவதையும் இன்னொரு டேக்குக்குள் வைத்து ஊர் கடத்திப் போகும் வழி.

தேர்வு நெட்வொர்க் மாதிரி கசியவே கூடாத விஷயங்களுக்குத் தனிக் கேபிள்தான் வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். ஒரே போர்ட் என்றால் அது விழும்போது எல்லா நெட்வொர்க்கும் சேர்ந்தே விழும், அதன் வேகத்தையும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

லேப்பில் கடைசியாக இதைச் செய்து பாருங்கள். விஎம் ஓடிக்கொண்டிருக்கட்டும், ஆசிரியர் நெட்வொர்க்குக்குப் பிங் போய்க்கொண்டே இருக்கட்டும். இன்னொரு ஜன்னலில் ‘நூலகம்’ என்று நான்காவது நெட்வொர்க் உருவாக்கி, அதில் தாயின் மேக் முகவரியோடே ஒரு போர்ட் எடுத்து, 103 என்ற எண்ணோடு அதே ட்ரங்கில் சேருங்கள். விஎம்முக்குள் ஈத்0.103-ஐத் திறந்து முகவரி கொடுங்கள். புதுக் கார்டு செருகவில்லை, விஎம்மை அணைத்துப் போடவில்லை, ஓடிக்கொண்டிருந்த பிங்கில் ஒரு வரியும் தவறியிருக்காது.