தம்பிரான் வணக்கமும் காலத் தமிழும்

முத்துக்குளித்துறைப் பரதவர்பொருட்டு அண்டிரிக்கி அடிகளார் மொழிபெயர்த்த தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சேறிற்று. 16 பக்கங்கொண்ட சிறு நூல். இதன் நடையைக் கண்டு, அக்காலத்துத் தமிழே சிதைந்து கிடந்தது என முடிவுகட்டுவாருளர். அம்முடிபு ஆராய்ச்சிக்கு ஒவ்வாது.

மெய்யெழுத்துக்களிற் புள்ளியின்மையும், எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடு தோன்றாமையும் அந்நூற்கே உரிய வழுக்களல்ல. ஏட்டுச்சுவடிகளின் பொதுவழக்கும் அதுவே. மேலும், அந்நூற்றாண்டிற்றானே அப்பாண்டிநாட்டிற்றானே தென்காசி அதிவீரராம பாண்டியர் நைடதம் பாடினார். ஆதலின், ஈண்டுக் காணும் வேற்றுமை காலத்தான் ஆயதன்று. செய்யுள் வழக்கிற்கும் கடற்றுறைப் பேச்சு வழக்கிற்கும் உள்ள வேற்றுமையாம். மொழிபெயர்ப்பின் சாயலும் அதனோடு கலந்துளது.

காலத்தான் ஆய வேற்றுமைக்கோ அந்நூற்பெயரே சான்று. சுந்தரமூர்த்திகளைத் தம்பிரான்றோழர் என்னுமிடத்துத் தம்பிரான் சிவபெருமானே. பிற்காலத்துத் திருமடங்களில் அச்சொல் துறவியர்க்குப் பெயராயிற்று. 1578இற் கடற்கரைக் கிறித்தவர் தம் கடவுளை அதனாற் குறித்தனர். சொல் ஒன்று, பொருள் மூன்று.

பழஞ்சொல் வீழ்தலும் புதுச்சொல் எழுதலும் குற்றமாகா என நன்னூலாரும் உடன்பட்டார். இஃதறியாது, தங்காலத்து வழக்கையே அளவுகோலாக்கி ஏட்டுப்பாடத்தைத் திருத்துவார் உளராயின், ஆசிரியர் கருத்தே மறையும். சித்தாந்த சாத்திரங்களில் ஒரு சொற்றிரிபு ஒரு கொள்கைத்திரிபாய் முடிதலுங் கூடும். ஆகவே, திருத்தப் புகுவார் எழுத்தாணி எடுக்குமுன், முன்னிற்பது பிழையோ, இடவழக்கோ, காலவழக்கோ எனத் தெளிதல் கடனாம். தெளியாவழி, ஏட்டில் உள்ளவாறே பதிப்பித்தலே நேரிது.