யார் அறுத்தால் கைவினை?

அமெரிக்கத் துப்பாக்கிச் சேகரிப்பாளர்களிடம் ஒரு வசைச்சொல் புழங்குகிறது: 'பப்பா'. தென் மாநிலத்துப் பட்டிக்காட்டு ஆளைக் கேலி செய்யும் பெயர். ஒரு பழைய ராணுவ ரைஃபிளின் முன்மரம் அறுக்கப்பட்டு, உலோகத்தில் புதிதாகத் துளை போடப்பட்டுக் கண்ணில் பட்டால் போதும், இது பப்பாவின் வேலை என்று உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள். ஒரே சொல்லில் ஒரு முழு விமர்சனம். அந்த விமர்சனம் நியாயமானதுதானா என்று பார்ப்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் படைகள் சுமந்தவை போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள்: ஜெர்மனியின் மௌசர் 98, பிரிட்டனின் லீ-என்ஃபீல்ட், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903, இத்தாலியின் கார்கானோ. குழல் சூடேறினாலும் சிப்பாயின் கை சுடாமலிருக்க அதன் பெரும்பகுதியை மரம் மூடியிருக்கும். முனையில் பயனெட் மாட்ட ஏற்பாடு. நாள் முழுக்க மலையேறும் வேட்டைக்காரனுக்கு இதெல்லாம் வெறும் சுமை. அதனால் முன்மரத்தை அறுத்தார்கள். ராணுவக் குறிமுள்ளைக் கழற்றினார்கள். மேலே ஸ்கோப் பொருத்தினால் நேராக நிற்கும் போல்ட் கைப்பிடி அதில் இடிக்கும் என்பதால் கைப்பிடியைக் கீழ்நோக்கி வளைத்தார்கள். இப்படி மாற்றிய துப்பாக்கிக்குப் பெயர் 'ஸ்போர்ட்டர்'.

இதைத் தமிழில் 'விளையாட்டுத் துப்பாக்கி' என்று சொன்னால் திருவிழாவில் பலூன் சுடுவதுதான் ஞாபகம் வரும். இங்கே ஸ்போர்ட் என்றால் வேட்டை. அதுவும் பசிக்காக இல்லாமல் பொழுதுக்காக ஆடுகிற வேட்டை, கனவான்களின் சொல். ஆனால் மலிவு ஸ்போர்ட்டரால் மான் அடித்த பலருக்கு அது குளிர்காலத்துக் கறியும்கூட. சொல்லுக்கும் ஆளுக்கும் இடையிலான இந்தப் பொருத்தமின்மையிலிருந்துதான் எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது.

ஏனென்றால் இதைத் தொடங்கி வைத்தவர் பப்பா இல்லை. தியோடர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருந்தபோதே, அரசின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் 1903 ரைஃபிளை வேட்டைக்கு ஏற்றபடி செய்து வாங்கினார். 1909இல் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது அது கூடவே போனது. ஹெமிங்வே 1930இல் வாங்கியது, நியூயார்க்கின் க்ரிஃபின் அண்ட் ஹவ் நிறுவனம் அதே ஸ்பிரிங்ஃபீல்டை அடிப்படையாக வைத்துச் செய்த ஸ்போர்ட்டர். பிரான்சிஸ் மகோம்பர் கதையிலும் 'க்ரீன் ஹில்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா'விலும் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற பெயரை நம்மில் பலர் சும்மா கடந்து போயிருப்போம். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய் தோளில் சுமந்த ரைஃபிளின் பெயர் அது என்று தெரிந்து வாசித்தால் அந்தச் சஃபாரிகளின் நிறம் கொஞ்சம் மாறும்.

இந்தத் துப்பாக்கிகளை யாரும் நாசவேலை என்று சொல்வதில்லை. அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள், ஏலத்தில் பெருந்தொகை கொடுக்கிறார்கள். அறுத்தது அதே ராணுவ மரம், துளை விழுந்ததும் அதே எஃகு.

இனி சமையலறை மேசைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு படைகள் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு மாறின. பல நாடுகளின் கிடங்குகளில் லட்சக்கணக்கான போல்ட் ரைஃபிள்கள் தேங்கி நின்றன. அவற்றை மொத்தமாக வாங்கி அமெரிக்காவில் கொட்டியவர்களில் முக்கியமானவர் சாமுவேல் கம்மிங்ஸ். 1953இல் அவர் தொடங்கிய இன்டர்ஆம்கோ, வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகர ஆற்றங்கரையில் கிடங்குகளை நிரப்பியது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, பணம் அனுப்பினால் தபாலில் ரைஃபிள் வந்துவிடும். புது வேட்டைத் துப்பாக்கியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

போரிலிருந்து திரும்பி ஆலையிலோ பண்ணையிலோ வேலைக்குப் போனவனுக்கு இது என்ன மாதிரி வாய்ப்பு என்று யோசிச்சுப் பாருங்க. ரூஸ்வெல்ட் வைத்திருந்த மாதிரி ஒன்று நமக்கும். கையில் இருப்பது ஒரு வைஸ், ஒரு ஹாக்ஸா, இரண்டு அரம், உப்புத்தாள். இன்னும் கொஞ்சம் காசு சேர்ந்தால், மிசௌரி மாநிலத்தின் வார்சா என்ற சிற்றூரிலிருந்து பிஷப் அல்லது ஃபாயென் கம்பெனியின் பாதி செதுக்கிய வால்நட் கட்டையை வாங்கலாம். மீதியை அவனே இழைத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பழைய மரத்தையே அறுத்து, முனையை உருட்டி, எண்ணெய் தேய்க்க வேண்டியதுதான். பல வேலைகள் கோணலாகத்தான் வந்தன. சில அற்புதமாக வந்தன.

இந்த ஆட்களுக்காக ஒரு எழுத்துவகையே உருவானது. செய்முறை எழுத்தை இலக்கியப் பத்திரிகைகள் கண்டுகொள்வதில்லை. ஃப்ராங்க் டி ஹாஸின் 'போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்ஸ்' (1971) மாதிரி ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரைஃபிளின் உள்ளமைப்பையும் பிரித்துக் காட்டி, எது வலிமை, எது குறை என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறது. அலங்காரமே கிடையாது. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். பத்து வருடம் முன்பு யாரோ எழுதிவிட்டுப் போன நிரலைத் திறந்து வேலை செய்வதுதான் பாதி நாள் பொழப்பு. அந்தக் கண்ணுக்கு இந்த எழுத்தின் அருமை உடனே தெரிகிறது. எங்கே கைவைக்கலாம் என்று சொல்பவர் நிறையப் பேர். எங்கே கைவைக்கக் கூடாது என்று சொல்பவர்தான் ஆசிரியர்.

இதற்கு நல்ல உதாரணம், 'லோ நம்பர்' ஸ்பிரிங்ஃபீல்ட். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலை செய்தவற்றில் 8,00,000க்குக் குறைந்த வரிசை எண் கொண்டவற்றின் ரிசீவர்கள் சில வெடித்தன. காரணம் வெப்பப் பதம். உலையில் பழுத்த எஃகின் நிறத்தைத் தொழிலாளர்கள் கண்ணால் பார்த்தே பதம் சொன்னார்கள். வெயில் அடிக்கிற நாளில் ஒரு மாதிரி தெரியும் நிறம், மேகமூட்டத்தில் வேறு மாதிரி தெரியும். சில ரிசீவர்கள் அளவுக்கு மீறிச் சூடேறி நொறுங்கும் தன்மை கொண்டுவிட்டன. இதை 1917 வாக்கில் கண்டுபிடித்து முறையை மாற்றினார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எவ்வளவு அழகாக மரம் பொருத்தினாலும் உள்ளே இருக்கும் எஃகு மாறாது. மரத்தில் மிச்சம் பிடி, எஃகில் பிடிக்காதே என்பதுதான் சிக்கன ஸ்போர்ட்டரின் இலக்கணம். நல்ல செய்முறை எழுத்து அதைக் கத்தாமல் சொன்னது.

சரி, சேகரிப்பாளர்களின் வாதத்துக்கு வருவோம். ஒரு துப்பாக்கி ஒரு ஆவணம். அதன் முத்திரைகளும் எண்களும் அழிந்தால் வரலாறு அழிகிறது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. அறுத்த மரம் ஒட்டாது, துளைத்த எஃகு பழையபடி ஆகாது. என் வேலையில் இருப்பது போல முந்தைய வடிவத்துக்குத் திரும்பும் வசதி இதில் இல்லை. இன்று மிச்சமிருக்கும் முழுமையான ரைஃபிள் ஒன்றை யாராவது அறுக்கக் கிளம்பினால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் 1955இல் அறுத்தவனை இன்றைய அரிதுத்தன்மையை வைத்துத் தீர்ப்பிடுவது சரியில்லை. அன்று அது மலைபோல் குவிந்து கிடந்த உபரி. அவனைப் போன்றவர்கள் அறுத்ததும் சேர்ந்துதான் மிச்சத்தை அரிதாக்கியது. சேகரிப்பாளர் இன்று பெறும் விலையில் பப்பாவின் ஹாக்ஸாவுக்கும் பங்குண்டு.

அழித்த தடமும் ஆவணம்தான். ஜப்பானின் அரிசாகா ரைஃபிள்களில் பேரரசரின் சாமந்தி முத்திரை இருக்கும். 1945இல் சரணடைந்த துப்பாக்கிகள் பலவற்றில் அந்த முத்திரை அராவி அழிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தேய்மானத்தைச் சேகரிப்பாளர்கள் சரணடைதலின் சாட்சியாக வாசிக்கிறார்கள். அப்படியானால் கோணலாக அறுத்த மரத்தை, போரிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய ஒருவனின் சாட்சியாக ஏன் வாசிக்கக் கூடாது? காசு கொடுத்துச் செய்தால் கைவினை, காசில்லாமல் செய்தால் நாசவேலை என்பது அழகியல் அளவுகோல் இல்லை. அது வர்க்க அளவுகோல்.

இதனால் ஸ்போர்ட்டரைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த உலகத்தின் மேல் எனக்கு வேறொரு புகார் உண்டு. 1963 பிப்ரவரியில் 'அமெரிக்கன் ரைஃபிள்மேன்' இதழில் சிகாகோவின் க்ளைன்ஸ் கடை ஒரு விளம்பரம் போட்டது. இத்தாலிய உபரிக் கார்கானோ, நாலு மடங்கு ஸ்கோப்புடன், 19.95 டாலர். அதைத் தபாலில் வரவழைத்தவர்களில் ஒருவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். 1940இல் டெர்னி ஆலையில் செய்த அந்த ரைஃபிளின் ராணுவ மரம் அப்படியே இருந்தது. மேலே மட்டும் துளையிட்டு ஸ்கோப் ஏற்றியிருந்தார்கள். பாதி மாற்றப்பட்ட ஸ்போர்ட்டர் என்றே அதைச் சொல்லலாம். மாசசூசெட்ஸ் செனட்டராக இருந்த கென்னடி 1958இல் இப்படிப்பட்ட வெளிநாட்டு உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுக்க மசோதா கொண்டுவந்தவர். தன் மாநிலத்துத் துப்பாக்கி ஆலைகளைக் காப்பாற்றுவதற்காக. அவர் கேட்ட வடிவில் அது நிறைவேறவில்லை. தபால் விற்பனையும் உபரி இறக்குமதியும் அடைபட்டது 1968 சட்டத்தில்.

மரத்தைக் குறைத்தால் ஆயுதம் சாதுவாகிவிடும் என்ற நம்பிக்கை அந்த எழுத்துவகையின் அடியில் இருக்கிறது. இதற்கு முன் இதை ஏந்தியவன் யார், எங்கே விழுந்தான் என்ற கேள்வி அந்தப் பக்கங்களில் அநேகமாக எழுவதே இல்லை. 'உபரி' என்ற சொல் அதை மூடிவிடுகிறது. சேகரிப்பாளரும் இதில் யோக்கியர் இல்லை. முத்திரையை வாசிக்கும் அளவுக்கு அவர் மரணத்தை வாசிப்பதில்லை.

பெயர் மாற்றத்தால் சாதுவாக்கும் வித்தை இந்தியாவிலும் நடந்தது. .303 ராணுவத் தோட்டா என்பதால் சாதாரண உரிமத்தில் அது கிடைக்காது. அதனால் அதே லீ-என்ஃபீல்ட் அமைப்பில் தோட்டாவை மட்டும் மாற்றி, '.315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள்' என்று இஷாப்பூர் அரசு ஆலை செய்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போயிற்று. பெயரில் 'ஸ்போர்ட்டிங்' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு மலிவு ஸ்போர்ட்டரின் படம் கண்ணில் பட்டால் நான் கேட்கும் கேள்விகள் இப்போது வேறு. அறுத்தவனிடம் என்ன கருவி இருந்தது? எஃகை மதித்தானா? அன்றைக்கு அதன் விலைச்சீட்டில் என்ன போட்டிருந்தது? இதற்கெல்லாம் பதில் தேடிய பிறகும் அது மட்டமான வேலை என்று தோன்றினால், தாராளமாகச் சொல்லலாம். அப்போதும் 'பப்பா' என்ற சொல் தேவைப்படாது.