இராவணஹத்தா: பெயரும் பாடலும்

இராசத்தானின் இராவணஹத்தாவைப் பற்றிய எழுத்துக்களில் மீண்டும் மீண்டும் எழும் வினா, வில்கொண்டு இசைக்கும் நரம்புக் கருவிகளுக்கெல்லாம் இதுவே தாயா என்பதாகும். ‘இராவணனின் கை’ எனப் பொருள்படும் இப்பெயர், இலங்கை வேந்தனே இதனைப் படைத்தான் என்னும் ஐதிகத்தைச் சுமந்து நிற்கின்றது. 1856இல் பெல்ஜிய இசையறிஞர் ஃபெதிஸ் வில்லின் பிறப்பிடம் இந்தியாவே என வாதிட்டபோது, அவ்வைதிகம் ஆய்வுலகிலும் மதிப்புப் பெற்றது. 1964இல் ஜேர்மனிய ஆய்வாளர் வேர்னர் பாக்மன், பத்தாம் நூற்றாண்டளவில் மத்திய ஆசியாவிலேயே வில் தோன்றியதென நிறுவ முற்பட்டார். இலங்கையராகிய நாம் முதற்கூற்றில் மகிழ்வதும் மற்றையதில் மனங்குன்றுவதும் இயல்பே. ஆயின், யார் முந்தியவர் என்னும் இவ்விவாதத்தில் கருவியை ஆக்கி இசைக்கும் மனிதருக்கு இடமில்லை.

கருவியின் அமைப்பே அவர்களை நமக்கு இனங்காட்டுகின்றது. ஆட்டுத்தோல் போர்த்த தேங்காய்ச் சிரட்டை, மூங்கில் தண்டு, குதிரைமயிர் நரம்பு, சதங்கை கட்டிய வில் என்பன இதன் உறுப்புக்கள். தோலும் மயிரும் மேய்ச்சல் வாழ்வு தந்தவை. தென்னை வளராத பாலைக்குச் சிரட்டை வணிகவழி வந்தது.

இதனை இசைக்கும் போபாக்கள், தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட நாயக் சாதியினர். சாதியமைப்பு ஒதுக்கிவைத்த இவர்களே பாபூஜி என்னும் வீரதெய்வத்தின் பூசகருமாவர். ஏறத்தாழ ஐந்து மீற்றர் நீளமான ஓவியத்திரையின் முன்னே, மனைவி விளக்கேந்தி உடன்பாட, போபா இரவு முழுதும் காவியம் நிகழ்த்துவார். அக்காவியத்தில் பாபூஜி இலங்கை சென்று, இராவணனை வென்று, ஒட்டகங்களைக் கவர்ந்து வருகின்றான். இராவணன் பெயர் தாங்கிய கருவி இராவணனின் தோல்வியையே பாடுகின்றது! பெயரைப் பற்றிக்கொண்டு பெருமை பேசுவோர் பாடலைச் செவிமடுத்திலர் என்றே நாம் கொள்ளவேண்டும்.

அப்பாடலுக்கு ஒரு பொருளியல் அடித்தளமும் உண்டு. ஒட்டகம் வளர்க்கும் ரபாரிகள் பாபூஜியை வழிபடுவோர். போபாக்களை ஆதரித்தோருள் முக்கியமானவர். 2012இல் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்த இந்திய ஒட்டகங்கள், 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2.5 இலட்சமாகக் குறைந்தன. மந்தை தேய, ஆதரவும் தேய்கின்றது. கோட்டை வாயில்களிலே சுற்றுலாப் பயணிகளுக்காகச் சில நிமிடம் இசைக்கும் போபாவுக்கு முழுக்காவியத்தைப் பாடும் தேவை எழுவதில்லை.

எனவே, கருவியின் தொன்மையை நிறுவுவதனால் மட்டும் அக்கலை வாழ்ந்துவிடாது. சிரட்டையை இசையாக்கிய கைகள் இராவணனுடையவை அல்ல. அவை ஒடுக்கப்பட்ட உழைப்பாளரின் கைகள். இசை வரலாறு அக்கைகளிலிருந்தே எழுதப்படவேண்டும் என்பது நமது கருத்தாகும்.