மொராண்டியின் மேசையும் அதைச் சுற்றிய கதையும்

எங்கள் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் சில காலத்துக்கு முன்னர் தடித்த ஓவியப் புத்தகமொன்றை ஓய்வறைக்குக் கொண்டு வந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் போத்தல்கள். இடையிடையே ஒரு பெட்டி, ஒரு கிண்ணம், கைபிடி வைத்த ஒரு தகரச் சாடி. நான் பார்த்துவிட்டு வைத்ததும் கணிதம் படிப்பிக்கும் நண்பர் எடுத்தார். பத்துப் பக்கம்கூடப் புரட்டியிருக்க மாட்டார். “என்ன சேர் இது, ஒண்டப் பாத்தா எல்லாத்தையும் பாத்த மாதிரித்தானே?” என்று மூடி வைத்துவிட்டார்.

நியாயமான கேள்விதான். மணி அடித்துவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருந்ததை இங்கே எழுதுகிறேன்.

ஜோர்ஜோ மொராண்டி 1890 இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் பிறந்து 1964 இல் அதே நகரில் காலமானவர். தகப்பன் 1909 இல் இறந்த பிறகு தாயுடனும் மூன்று சகோதரிகளுடனும் வியா ஃபொண்டாட்சா என்ற வீதியில் ஒரு வீட்டில் குடியிருந்தார். அவர் திருமணம் செய்யவில்லை. சகோதரிகளும் செய்யவில்லை. அவர் படுக்கும் அறைதான் வேலை செய்யும் அறையும். ஓரத்தில் ஒற்றைக் கட்டில், முற்றத்தைப் பார்த்த ஒரு ஜன்னல், வேறுவேறு உயரத்தில் சில மேசைகள், அவற்றின் மேலும் கீழும் தூசு படிந்த பாத்திரங்கள். கோடை காலத்தில் கிறிட்சானா என்ற மலைக்கிராமத்துக்குப் போவார். அங்கே நிலக்காட்சிகளும் கீறினார். ஆனாலும் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் அந்த மேசைதான்.

அவரும் நம்மைப் போல ஒரு வாத்தியார் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோசம். 1914 முதல் 1929 வரை ஆரம்பப் பாடசாலைகளில் சித்திரம் படிப்பித்தார். 1930 இலிருந்து 1956 வரை பொலோஞ்ஞா நுண்கலைக் கழகத்தில், உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் கலைக்குப் பேராசிரியர். பாடசாலை வேலையும் முடித்து, வீட்டுக்கு வந்து, மிச்ச வெளிச்சத்தில் ஒரு போத்தலை அரை அங்குலம் தள்ளி வைப்பது என்னவென்று வேலை பார்க்கும் ஆட்களுக்குத் தெரியும்.

அந்த அரை அங்குலத்தில்தான் விடயமே இருக்கிறது. மொராண்டி பொருள்களை இருந்தபடி எடுத்துக் கீறியவர் அல்ல. கண்ணாடிப் போத்தல்களின் பளபளப்பு பிடிக்காமல் அவற்றுக்குப் பளபளப்பற்ற வர்ணம் பூசினார், சிலவற்றுக்கு உள்ளேயே ஊற்றினார். படிந்த தூசியைத் துடைக்க விடவில்லை. மேசையில் விரித்த கடதாசியில் ஒவ்வொரு பொருளும் நின்ற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் அடையாளமிட்டார். பூக்கள் கீறினால்கூடப் பெரும்பாலும் காய்ந்தவை அல்லது துணிப்பூக்கள், வாடிப்போய் அவசரப்படுத்தாதவை. எந்தப் போத்தல்கள் எந்தத் துணியோடு சேரும் என்று தீர்மானிக்கவே வாரக் கணக்கில் போய்விடுகிறது, அப்படியும் பிழைத்துப் போகிறது என்று பேட்டியொன்றில் சொல்லியிருக்கிறார். அடுக்கி முடிந்ததும் தூரிகை வேகமாகவே ஓடியது என்பது படங்களைப் பார்த்தாலே தெரியும். எண்ணெய் வர்ணம் ஈரம் காயுமுன் ஒன்றோடொன்று கலந்த தடயம் தூரிகைக் கோடுகளில் அப்படியே இருக்கிறது.

நண்பருக்காக ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மொராண்டியின் எண்ணெய் வர்ண ஓவியங்கள் கிட்டத்தட்ட 1350. சுமார் 50 வருட உழைப்பு. வருடத்துக்கு 27, அதாவது மாதத்துக்கு இரண்டுக்குக் கொஞ்சம் கூட. படங்களும் பெரியவை அல்ல. பல 30க்கு 40 சென்றிமீற்றர் அளவில்தான், ஒரு சீ.ஆர். கொப்பியை விரித்து வைத்தால் வரும் அளவு. அவ்வளவு சிறிய படத்தை ஒருவர் நாளுக்கு ஒன்று முடிக்கலாம். முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க ஓவியர் டுவேன் கீசர் 2004 இன் கடைசியில் நாளுக்கொரு சிற்றோவியம் என்று தொடங்கினார். முட்டை, பழம், கோப்பை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கீறி இணையத்தில் விற்றார். பலர் அந்த வழியில் போனார்கள். அதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. கை பழகும், பயம் போகும், சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையில் ஒரு படம் கிடைக்கும். ஆனால் அங்கே நாள் முடிந்தால் படமும் முடிந்தாக வேண்டும். மொராண்டியின் பழக்கம் வேறு. அவருக்கு நாளாந்தம் நடந்தது பார்ப்பதும் தள்ளி வைப்பதும். படம் வரும்போது வந்தது.

சரி, படங்கள் உண்மையில் ஒன்றுபோலவா இருக்கின்றன? நெளிநெளியாகப் பள்ளம் விழுந்த ஒரு வெள்ளைப் போத்தல் அவரிடம் இருந்தது. பல வருடங்கள் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு படத்தில் நடுவில் தனியே நிமிர்ந்து நிற்கிறது, கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. வேறொன்றில் பெட்டிகளுக்குப் பின்னால் கழுத்து மட்டும் தெரிகிறது. இன்னொன்றில் அதன் ஓரமும் பக்கத்துச் சாடியின் ஓரமும் ஒரே கோட்டில் போய் முட்டி, எது முன்னால் எது பின்னால் என்று சொல்ல முடியாமல் போகிறது. 1952 அளவில் ஒரு மஞ்சள் துணி வருகிறது. அவருடைய சாம்பலும் மண்ணிறமும் கலந்த உலகத்தில் அந்த மஞ்சள் ஒரு சத்தம் போலக் கேட்கிறது. பிந்திய வருடங்களில் பொருள்கள் மேசையின் நடுவில் நெருங்கிக்கொண்டே வருகின்றன, சுற்றிலும் வெறுமை. குளிரில் ஒதுங்கி நிற்கும் ஆட்கள் என்று சொல்லலாம், அல்லது எதற்கோ பயந்து. இரண்டு போத்தல்களுக்கு இடையிலுள்ள வெளியையும் ஒரு பொருளாகவே அவர் கீறினார். நிழலும் அப்படித்தான், சில படங்களில் போத்தலைவிட நிழலுக்குத்தான் உடம்பு இருக்கிறது.

தமிழ் படித்தவனுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. குறுந்தொகையில் 400 சொச்சம் பாட்டு, பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிதான். ஆட்களுக்குப் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, தாய் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். குறிஞ்சி, முல்லை என்று வகுத்த நிலம், வகுத்த பொழுது, வகுத்த பூ. ஒன்றைப் படித்தால் எல்லாம் படித்த மாதிரி என்று எந்த மாணவனுக்கும் நாம் சொல்வதில்லை. அந்த மரபுக்குள் இருந்த கவிஞர் புதுப் பொருளைத் தேடி ஓடவில்லை, தோழியைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்தார், அவ்வளவுதான். பாட்டு மாறிவிட்டது. ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும்: அந்த எல்லை பல புலவர்கள் சேர்ந்து ஏற்ற எல்லை. மொராண்டி தனியே தனக்கு இட்டுக்கொண்டது. எனவே அலுத்துப்போனால் குற்றம் சாட்ட அவருக்கு மரபும் இல்லை.

நமது வாசகர்களில் சிலருக்கு இன்னொரு கேள்வி எழலாம். உயிருள்ளவற்றைக் கீறுவது பற்றிய சர்ச்சை நமக்கு நன்றாகத் தெரிந்தது. சித்திரப் பாடத்துக்குப் பிள்ளையை விடலாமா என்று கேட்டு வரும் வாப்பாமாரை நான் கண்டிருக்கிறேன். ஓவியம் செய்து பிழைத்த ஒருவரிடம், செய்துதான் ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யும்படி இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் வருகிறது. இதைப் பலர் ஒரு சலுகையாகவே எடுத்துக்கொள்கிறார்கள், பெரிய வாசலை மூடிவிட்டுத் திறந்துவிட்ட சின்ன யன்னல் போல. வேடிக்கை என்னவென்றால் ஐரோப்பாவும் அப்படித்தான் நினைத்தது. 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கலைக் கழகத்தில் வீரர், வரலாறு, வேதக் கதை கீறுவது முதல் தரம், மேசைப் பாத்திரம் கீறுவது கடைசித் தரம். இத்தாலிய மொழியில் இந்த வகைக்குப் பெயரே ‘செத்த இயற்கை’ என்றுதான் வரும். அந்தக் கடைசிப் படியில் ஒருவர் 50 வருடம் உட்கார்ந்திருந்து, 1948 இல் வெனிஸிலும் 1957 இல் சாவோ பாவுலோவிலும் பெரிய பரிசுகளை வாங்கினார். உயிரற்றது என்றால் ஓவியனுக்குக் குறைவானது என்ற எண்ணத்தை மொராண்டியைப் பார்த்த பிறகு வைத்திருக்க முடியாது.

இனி எனக்குச் சங்கடமான பகுதி. மொராண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் அனேகமாக ஒரு துறவியின் கதையைத்தான் சொல்கிறார்கள். உலகத்தை விட்டு ஒதுங்கியவர், அரசியல் அறியாதவர், அமைதியின் ஓவியர் என்று. அவரிடம் படித்து அவருக்கு உதவியாளராகவும் இருந்த ஜேனட் அப்ரமோவிச் 2004 இல் வெளியிட்ட நூல் அந்தக் கதையை நன்றாகவே உடைத்தது. 1928 இல் பொலோஞ்ஞாவின் பாசிசப் பத்திரிகையொன்றில் வந்த சுயசரிதைக் குறிப்பில் மொராண்டி பாசிசத்தின் மேல் தனக்கிருந்த நம்பிக்கையைச் சொல்லியிருக்கிறார். 1930 இல் பேராசிரியர் பதவி கிடைத்தது அந்த ஆட்சியின் கீழ்தான், அதுவும் போட்டிப் பரீட்சை இல்லாமல், புகழின் பேரில். 1943 இல் ஆட்சிக்கு எதிரானவர்களுடன் தொடர்பு என்று சொல்லி அவரைப் பிடித்துச் சில நாள் சிறையில் வைத்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்கக் கூடாது.

குண்டுவீச்சுக்குப் பயந்து குடும்பம் கிறிட்சானாவுக்குப் போயிருந்தது. 1944 இல் பொலோஞ்ஞாவுக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் மார்ட்சபொத்தோ, கிறிட்சானா, மொன்ட்சூனோ பகுதி மலைக்கிராமங்களில் ஜேர்மன் படை குழந்தைகள், பெண்கள், முதியவர்கள் என்று 700 பேருக்கு மேல் கொன்றது. மொராண்டி கோடை தோறும் பார்த்துக் கீறிய மலைகள் அவை. அந்தக் கொலையைப் பற்றி அவருடைய எந்தப் படமும் வாய் திறப்பதில்லை.

யுத்தம் பார்த்த நாட்டில் இருந்துகொண்டு இதை லேசாகத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. நமது எழுத்தாளர்களிடம், அந்த வருடங்களில் நீ என்ன எழுதினாய் என்று நாம் கேட்டிருக்கிறோம், சில வேளை கடுமையாகவே. மொராண்டியிடமும் கேட்கலாம். அவருக்காக வாதாடுகிறவர்கள், யுத்த கால ஓவியங்களின் இருண்ட நிறத்தைக் காட்டி இதோ பதில் என்கிறார்கள். எனக்கு அது வலிந்து சொல்வதாகப் படுகிறது. ஒரு சாடியின் கறுப்பை வைத்துப் படுகொலைக்குச் சாட்சி சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல வைப்பது சாடிக்கும் நியாயமில்லை, செத்தவர்களுக்கும் நியாயமில்லை. படங்கள் நல்லவை. மனிதர் அந்த விடயத்தில் மௌனமாக இருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, அவர் தன் பொருள்களை வைத்த மாதிரி.

இதை ஒரு சினிமாக்காரர் விமர்சகர்களுக்கு முன்பே கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். ஃபெலினியின் ‘லா டோல்சே வீட்டா’ 1960 இல் வந்தது. அதில் ஸ்டைனர் என்ற அறிவாளியின் வீட்டுச் சுவரில் ஒரு மொராண்டி தொங்குகிறது. விருந்துக்கு வந்த கதாநாயகன் அதைப் பார்த்து வியக்கிறான். இசை, புத்தகம், நல்ல நண்பர்கள், ஒழுங்கான வாழ்வு, அந்த ஒழுங்குக்கு அடையாளமாகச் சுவரில் அந்தப் படம். பிறகொரு நாள் ஸ்டைனர் தன் இரண்டு பிள்ளைகளையும் கொன்று தானும் செத்துப் போகிறான். படத்தைச் சுவரில் மாட்டியதால் அமைதி வரவில்லை. மொராண்டியை ‘அமைதி’ என்று வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் எழுத முடியாது.

அமைதியாக இருந்தால் ஒருவர் அந்த வெள்ளைப் போத்தலைத் திரும்பவும் எடுத்து வைத்திருக்க மாட்டார். ஒரு படம் சரியாக வந்துவிட்டது என்று திருப்திப்பட்டவன் அடுத்த பொருளுக்குப் போய்விடுவான். மொராண்டி போகவில்லை. அதே போத்தல், அதே மேசை, பென்சில் அடையாளத்துக்கு மேல் இன்னொரு பென்சில் அடையாளம். எனக்கு அவருடைய படங்களில் தெரிவது தீராத ஒரு சந்தேகம்: இருக்கிற ஒன்றை இருக்கிறபடி இதுவரை கண்டேனா என்ற சந்தேகம். தன் மேசைக்கு அந்தச் சந்தேகத்தைக் கொடுத்த மனிதர் தன் காலத்துக்கும் கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது. அதற்காக மேசையில் நடந்ததைச் சிறிதென்று சொல்ல மாட்டேன்.

நான் பார்த்ததெல்லாம் அச்சுப் படங்கள்தான், அசல் ஒன்றைக்கூடக் காணவில்லை. ஆகவே நிறத்தைப் பற்றிச் சொன்னதில் அச்சகத்தின் பங்கும் இருக்கலாம். பொலோஞ்ஞாவில் 1993 முதல் அவருக்கென்று ஒரு நூதனசாலை இருக்கிறது, அவர் வாழ்ந்த வீட்டையும் பார்க்கலாம். போக வசதியுள்ளவர்கள் போய்ப் பார்த்து வந்து என்னைத் திருத்தட்டும். சித்திர ஆசிரியை அந்தப் புத்தகத்தை இன்னும் திரும்பக் கேட்கவில்லை. கணித நண்பருக்கு வருடத்துக்கு 27 என்ற கணக்கைச் சொன்னேன். “அப்ப மிச்ச நாளெல்லாம் என்ன செஞ்சாராம்?” என்று கேட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.